வறட்டாற்றுப் பாலத்துச் சாட்சி

ராசப்பன் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தபோது அரியூர் நாட்டு மலையூர்களில் யாரும் அதை நம்பவில்லை. கொல்லிமலையில் பிறந்தவன் சாமை விதைப்பான், மிளகு பறிப்பான், மிஞ்சிப்போனால் சந்தைக்குப் பலாப்பழம் சுமப்பான். இவன் மட்டும் கீழே போய்க் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். அடிவாரத்திலிருந்து ஆறு மைல் தள்ளிப் போகிற ரயில் பாதையில் வறட்டாற்றுப் பாலத்துக்குக் காவல்காரன். பாலத்தின் கிழக்குக் கரையில் பழைய மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு குடிசை. அதற்குள் ஒரு சிவப்புக் கொடி, ஒரு பச்சைக் கொடி, ஒரு கைவிளக்கு. அவனுக்கு மாற்று ஆள் கிடையாது. பகலும் அவன்தான், இரவும் அவன்தான். அதனால் மாதத்தில் இரண்டு தடவை அவன் மனைவி ஆயம்மாள் மலையிறங்கி, ராகி மாவும் குச்சிக்கிழங்கும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவாள்.

ஆற்றுக்குப் பெயர் வைத்தவன் பொய் சொல்லவில்லை. வருசத்தில் பத்து மாதம் மணல்தான். ஆடு மேய்க்கிறவர்கள் பாலத்துக்கு அடியில் நிழலுக்கு ஒதுங்குவார்கள். மீதி இரண்டு மாதத்தில் என்றைக்காவது ஒருநாள் மலையில் விழுந்த மழையெல்லாம் ஒரே மூச்சில் இறங்கிவரும். கீழே அப்போது வெயில் காய்ந்துகொண்டிருக்கும். சமவெளிக்காரர்களுக்கு அது புரியாது. ராசப்பனுக்குப் புரியும். மலை மேகத்துக்குள் மறைந்தால் நாலு மணி நேரத்தில் தண்ணீர் பாலத்துக்கு வந்துவிடும் என்று அவன் இன்ஸ்பெக்டர் அர்த்தனாரியிடம் சொல்லியிருக்கிறான். இன்னொன்றும் சொன்னான்.

“மூணாவது தூணுக்கு அடியில போட்ட கல்லெல்லாம் போன வருச வெள்ளத்துல அடிச்சுக்கிட்டுப் போயிருச்சுங்க. கோல் விட்டுப் பார்த்தேன், முழங்கை ஆழம் உள்ள போகுது.”

தண்டவாளத்தில் ஆட்கள் தள்ளிவந்த டிராலியில் உட்கார்ந்தபடியே அர்த்தனாரி கேட்டார். அந்தப் பகுதித் தண்டவாளமும் பாலங்களும் அவர் பொறுப்பு. “நீ என்ன இன்ஜினீயரா? கொடி புடிக்கறவன் கொடியைப் புடி,” என்றார். டிராலி தள்ளுகிறவர்கள் சிரித்தார்கள். அவர் இறங்கிப் பார்க்கவில்லை. எழுதிக்கொள்ளவும் இல்லை.

ஐம்பத்தேழாம் வருசம் ஐப்பசியில் ஒருநாள் ஆயம்மாள் வந்தபோது மத்தியானம் மூன்று மணி ஆகப்போகிற நேரம். முழங்கால் வரை சேறு. மடியில் கட்டிக்கொண்டுவந்த மாவு நனைந்திருந்தது.

“மேல மூணு நாளா விடலைங்க. வாற வழியில ஓடையெல்லாம் இடுப்புக்கு மேல போகுது. பாதி எறங்கித் திரும்பிப் பார்த்தேன், மலையே தெரியலை. கருகும்முனு மூடிக்கிச்சு.”

“அது எப்ப?”

“பொழுது உச்சிக்கு வாறதுக்கு ரொம்ப முந்தி.”

ராசப்பன் அண்ணாந்து பார்த்தான். தலைக்கு மேலே நீல வானம். மணலில் இரண்டு நாய்கள் படுத்திருந்தன. அவன் விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். பிறகு சாப்பிட உட்காராமல் கரையோரமாக இறங்கி நடந்தான். ஆயம்மாள் பின்னாலேயே போனாள்.

முதலில் தண்ணீர் வரவில்லை. சருகு வந்தது. ஆற்றின் வளைவிலிருந்து காய்ந்த இலையும் நுரையும் குச்சியுமாக ஓர் அகலமான பாய் தானாக உருண்டு வருவதுபோல வந்தது. நாய்கள் எழுந்து ஓடின. அதற்குப் பின்னால் வந்தது செம்மண் நிறத்தில் ஆள் உயரத் தண்ணீர். வேரோடு பெயர்ந்த மரங்கள் அதில் புரண்டன. ஒரு பெரிய மரம் மூன்றாவது தூணில் போய் மோதியது. தூண் ஒருமுறை தலையாட்டியது. பிறகு தள்ளாடிச் சாய்ந்தது. மேலே தண்டவாளம் மட்டும் அறுந்த கயிறு மாதிரி அந்தரத்தில் தொங்கியது.

மூன்றே காலுக்குக் கிழக்கேயிருந்து பாசஞ்சர் வரவேண்டும்.

ராசப்பன் குடிசைக்குள் பாய்ந்தான். கொடியின் உறையை உருவ நேரமாயிற்று. ஆயம்மாள்தான் உறையை இழுத்து, சிவப்புக் கொடியை அவன் கையில் திணித்தாள்.

“நீ இங்கயே நில்லு. யாராச்சும் பாலத்துல கால் வெச்சாக் கத்து,” என்று சொல்லிவிட்டுக் கிழக்கே தண்டவாளத்தின் நடுவில் ஓடினான்.

கால் மைல் தூரத்தில் பாதை ஒரு சிறு பாறைக் கரட்டை வெட்டிக்கொண்டு வளையும். இரண்டு பக்கமும் பாறைச் சுவர். அந்த வளைவுக்குள்ளிருந்து வண்டி வெளியே வந்தால்தான் யாரையும் பார்க்க முடியும். அதற்கு அப்பால் போய் நின்றுவிட வேண்டும் என்றுதான் அவன் ஓடினான். போய்ச் சேரவில்லை. வளைவின் வாயை அவன் எட்டும்போதே இன்ஜின் வெளியே வந்துவிட்டது.

அவன் ஒதுங்கியிருக்கலாம். ஒரு எட்டு வைத்தால் போதும். ஒதுங்கவில்லை. கொடியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே வீசிக்கொண்டு தண்டவாளத்தின் நடுவிலேயே நின்றான். ஊதல் அலறியது. சக்கரத்தில் தீப்பொறி பறந்தது. ஆயம்மாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி அவனை அடித்துத் தள்ளிவிட்டு, இரும்பை இரும்பு அறுக்கிற சத்தத்தோடு அவளைத் தாண்டிப் போயிற்று. இன்ஜினும் மூன்று பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றில் விழுந்தன. நாலாவது பெட்டி பாதி வெளியே தொங்கியபடி நின்றது. அதன் ஜன்னலிலிருந்து ஒரு குழந்தை வெள்ளத்தில் விழுந்ததை அவள் கண்டாள். அப்போதும் வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

இறந்தவர்கள் நாற்பத்தொரு பேர் என்று பிறகு சொன்னார்கள். அதில் ராசப்பனைச் சேர்க்கவில்லை.

அவள் அவனிடம் ஓடியபோது அவனுக்கு முகம் இருந்தது, இடுப்புக்குக் கீழே எதுவும் சரியாக இல்லை. கொடியின் கம்பு முறிந்து, துணி மட்டும் அவன் கைக்குள் இருந்தது. அவள் அதை விரல் விரலாக விடுவித்து எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து அர்த்தனாரி கிழக்கேயிருந்து டிராலியில் வந்தார். பாலத்தைப் பார்த்தார். விழுந்து கிடந்த மூன்றாவது தூணை நெடுநேரம் பார்த்தார். திரும்பி அவளிடம் வந்தபோது அவர் உதடு வெளுத்திருந்தது.

“ஏம்மா, அதை இப்படிக் குடு. சாட்சிக்கு வேணும்,” என்றார்.

அவள் கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் கேட்கிறார், கொடுக்காமல் என்ன செய்வாள்?

பதினெட்டாம் நாள் ஸ்டேஷனில் விசாரணை நடந்தது. வெளியூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். அவர் இங்கிலீஷில் கேட்க, ஒரு குமாஸ்தா தமிழில் சொன்னார். ஆயம்மாளை அவளுடைய தம்பி சின்னுசாமி கூட்டிவந்திருந்தான். அவனை வெளியே நிறுத்திவிட்டார்கள். தாலியறுத்த கழுத்தோடு அவள் மட்டும் மேசைக்கு முன்னால் நின்றாள்.

“அன்னைக்கு நீ எதுக்கு அங்க போனே?”

“மாவு குடுக்கப் போனேனுங்க.”

“காவல் இடத்துக்கு வெளியாள் வரலாமா?”

“யாரும் வரக்கூடாதுன்னு சொன்னதில்லீங்க சாமி.”

“சாராயம் கொண்டு போனியா?”

“இல்லீங்க.”

“உங்க மலையில காய்ச்சறது உண்டுதானே?”

அவள் வாயெடுப்பதற்குள் குமாஸ்தா எதையோ எழுதிக்கொண்டார். மலையில் மழை பெய்தால் பாலத்துக்குத் தண்ணீர் வர எத்தனை நேரமாகும் என்று கேட்டார்கள். நாலு மணி நேரம் என்றாள். அதை அதிகாரி இரண்டு தடவை கேட்டு எழுதச் சொன்னார். அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அவன் எப்படி ஓடினான், எங்கே நின்றான், எப்படிக் கொடி வீசினான் என்று முழுவதையும் சொன்னாள்.

அர்த்தனாரி எழுந்து, மேசைமேல் ஒரு கொடியை வைத்தார். புதுத் துணி. மடிப்புக் கலையவில்லை. உறையோடு இருந்தது.

“இது அன்னைக்கு அந்தக் குடிசையில ஆணியில தொங்கிட்டிருந்துதுங்க. நானே எடுத்தேன்.”

“இல்லீங்க சாமி! அது இல்லீங்க!” ஆயம்மாள் கத்தினாள். “ரத்தமாக் கிடந்துதுங்க. இவருகிட்டத்தான் குடுத்தேன். இவரு கையில குடுத்தேன்!”

“துக்கத்துல பேசுது, பாவம்,” என்றார் அர்த்தனாரி. அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

இன்ஜின் டிரைவர் செத்துப்போயிருந்தார். கரி அள்ளிப்போடுகிற ஆள் உடம்பெல்லாம் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். தான் குனிந்து கரி அள்ளிக்கொண்டிருந்ததாகவும், எதையும் பார்க்கவில்லை என்றும் எழுதிக் கொடுத்திருந்தான். கடைசிப் பெட்டியில் இருந்த கார்டுக்குப் பாறைச் சுவர்தான் தெரிந்தது. ஆக, காவலுக்கு இருக்கவேண்டிய இடத்திலிருந்து கால் மைல் தள்ளி, கையில் கொடி இல்லாமல் தண்டவாளத்தில் நடந்துபோன ஒருவன். கூடவே அவன் பெண்டாட்டி. இவ்வளவுதான் மேசையில் மிஞ்சியது. அவள் அங்கே போகாமலே இருந்திருந்தால், அவன் ஓடியதைச் சொல்ல ஆள் இல்லை. போனதால், அவன் காவலை விட்டதற்கு அவளே காரணமாகிவிட்டாள்.

அறிக்கை வர ஆறு மாதம் ஆயிற்று. ஸ்டேஷன் போர்ட்டர் ஒருவர் சின்னுசாமியிடம் விஷயத்தைச் சொன்னார். காவல்காரன், தன் மனைவி வந்திருந்ததால் கவனம் சிதறி, இடத்தை விட்டு அகன்றுவிட்டான் என்று அச்சில் போட்டுவிட்டார்களாம். உதவிப் பணம் எதுவும் கிடையாது. அவன் பெயரையே வேலைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள்.

அத்தோடு போகவில்லை. அந்த வருசம் கீழே தண்டவாள வேலைக்குப் போன அரியூர் நாட்டு ஆட்கள் பன்னிரண்டு பேரை, “மலைக்காரன் வேண்டாம்,” என்று திருப்பி அனுப்பினார்கள். பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் ஆயம்மாள் தண்ணீர் எடுக்கும் ஊற்றுக்கு வருவதை நிறுத்தினார்கள். அவள் எடுத்துவிட்டுப் போன பிறகு வந்தார்கள். சென்னம்மாள் என்பவள் ஒருநாள் வழியில் நின்று நேராகவே கேட்டாள். “உன்ற புருசனைப் பார்க்காம ரெண்டு நாள் உனக்கு இருக்க முடியலையா? நாப்பது குடியைக் கெடுத்துட்டு வந்து நிக்கறியே.” ஆயம்மாளின் மகள் கண்ணாயிக்கு அப்போது ஆறு வயசு. அவளை மற்றப் பிள்ளைகள் ‘ரயிலு’ என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கீழே பாலத்தைப் புதிதாகக் கட்டினார்கள். தூணுக்கு அடியில் பாறை வரை தோண்டி அடித்தளம் போட்டார்கள். ஒவ்வொரு தூணிலும் வெள்ளைச் சுண்ணாம்பில் பட்டையாக ஒரு குறி. தண்ணீர் அதைத் தொட்டால் ரயிலை நிறுத்தவேண்டும். ஒரு காவல்காரனுக்குப் பதில் இரண்டு பேர். ஒருவன் பாலத்தில் நிற்கவேண்டும், இன்னொருவன் வண்டி வரும் திசையில் அரை மைல் ஓடவேண்டும். அவன் கையில் கொடியோடு தட்டையான தகர டப்பிகளும் இருக்கும். பட்டாசு என்று அதற்குப் பெயர். தண்டவாளத்தின் மேல் கட்டிவைத்தால் சக்கரம் ஏறியதும் குண்டு மாதிரி வெடிக்கும். டிரைவர் பார்க்காவிட்டாலும் அவர் காதுக்குக் கேட்கும். அதற்கு முன்பு அந்த டப்பிகள் ஸ்டேஷன் அலமாரியில் பூட்டிக் கிடந்தன. குடிசைச் சுவரில் ஒரு பலகையும் அடித்தார்கள். காவல்காரரின் குடும்பத்தார் யாரும் இங்கு வரக்கூடாது.

மலைக்கும் ஓர் ஏற்பாடு வந்தது. அறுபதாம் வருசம் ஒரு இன்ஜினீயர் மழையை அளக்கிற கருவியை ஆட்கள் தலையில் ஏற்றிக்கொண்டு வந்து, மரமில்லாத வெட்டவெளியாகப் பார்த்து நட்டார். அந்த இடம் சின்னுசாமி வீட்டு வாசலாக அமைந்துவிட்டது. அவன் எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்பதால் அளந்து எழுதுகிற வேலையையும் அவனுக்கே கொடுத்தார். ஒரு நாளில் நாலு அங்குலத்தைத் தாண்டினால் அடிவாரத்துத் தபாலாபீசுக்கு ஓடிப்போய்த் தந்தி கொடுக்கவேண்டும்.

“இங்க மழை பேஞ்சா நாலு மணி நேரத்துல பாலத்துக்குத் தண்ணி வருதாம்,” என்று இன்ஜினீயர் மோரைக் குடித்துக்கொண்டே சொன்னார். “அந்த விசாரணையில யாரோ ஒரு மலைக்காரப் பொம்பளை சொன்னது. அறிக்கையில இருக்கு. நல்ல தகவல்.”

மோர் கொடுத்தவள், தம்பி வீட்டில் இருந்த ஆயம்மாள். அவள் சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் சொன்னதில் ஒரு பாதியை நம்பி மலைமேல் கருவி வைத்திருக்கிறார்கள். மறு பாதியைப் பொய் என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் சொன்னது ஒரே வாய்தான்.

அறுபத்திரண்டாம் வருசம் ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது. சின்னுசாமி குளிர்க்காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். மூன்றாம் நாள் விடியும்போது ஆயம்மாள் கருவிக்குள்ளிருந்த அளவுக் குடுவையைத் தூக்கிவந்து அவன் கண்முன் காட்டினாள். அவன் நடுங்கிக்கொண்டே பார்த்துவிட்டு, “நாலரை அங்குலம். தந்தி குடுக்கோணும். என்னால எந்திரிக்க முடியாதே அக்கா,” என்றான். அக்கம்பக்கத்தில் யாரும் போக ஒப்பவில்லை. அவன் எழுதிக் கொடுத்த சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு அவளே இறங்கினாள்.

தபாலாபீஸ் பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. தபால்காரர் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். ஆயம்மாள் அந்தப் படியில் உட்கார்ந்தாள். சீட்டைக் கொண்டுவந்தாயிற்று. அதற்குமேல் போகவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. மலையைத் திரும்பிப் பார்த்தாள். அது அப்போதுதான் மேகத்துக்குள் முழுவதுமாகப் போயிருந்தது. போகட்டும் என்று நினைத்தாள். இன்னொரு தடவை விழட்டும், இன்னும் நாற்பது பேர் போகட்டும், அப்போதாவது எவனாவது ஒருவன் பழைய காகிதத்தைப் பிரித்துப் பார்ப்பான். இந்த நினைப்போடு அவள் நெடுநேரம் அசையாமல் இருந்தாள். அதில் ஒரு சுகமும் இருந்தது. பிறகு, அந்த நாலாவது பெட்டி ஜன்னலிலிருந்து விழுந்த குழந்தை கண்ணுக்குள் வந்தது. சனியனே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு எழுந்தாள். ஆறு மைலையும் பாதி ஓட்டமும் பாதி நடையுமாகக் கடந்தாள்.

பாலத்தில் இரண்டு காவல்காரர்கள் இருந்தார்கள். பழனிமுத்து என்பவன் முப்பது வயசுக்காரன், கூட இருந்தவன் வயதானவன். பழனிமுத்து பலகையைச் சுட்டிக்காட்டி, “ஏனுங்க்கா, இங்க வரக்கூடாதுங்க. எங்க சோறு போயிரும்,” என்றான்.

“சோத்தை அப்புறம் பார்க்கலாம். இந்தா சீட்டு. மேல நாலரை அங்குலம். தண்ணி வாறதுக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்குது. நீ இப்பவே ஓடு.”

அவன் தூணைப் பார்த்தான். ஆற்றில் கணுக்கால் தண்ணீர். வெள்ளைக் குறி ஆள் உயரத்துக்கு மேலே வறண்டு கிடந்தது. “குறியைத் தொட்டாத்தான் ஓடோணுமுங்க. புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குது.”

“வண்டி எப்ப?”

“இன்னும் அரை மணி நேரத்துல.”

“குறியைத் தொட்ட பொறகு ஓடுனா கால் மைலுக்கு மேல போக மாட்டே, சாமி. கால் மைல் ஓடுனவரை எனக்குத் தெரியும். நான் ராசப்பன் பொண்டாட்டி.”

அந்தப் பெயர் இருவருக்கும் தெரிந்திருந்தது. வேலையில் சேர்ந்த அன்றைக்கே, இப்படி இருக்காதே என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட பெயர். பழனிமுத்து அவள் முகத்தைப் பார்த்தான். அவள் காலில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தான். பிறகு டப்பிகளையும் கொடியையும் எடுத்துக்கொண்டு கிழக்கே ஓடினான்.

அவன் வளைவுக்குள் மறைந்து பத்து நிமிசம் கழித்துத் தண்ணீர் வந்தது. வந்த வேகத்தில் குறியைத் தொட்டது, தாண்டியது, குறியே தெரியாமல் போயிற்று. கிழவன் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றான். அப்போது கரட்டுக்கு அப்பாலிருந்து வெடிச் சத்தம் கேட்டது. ஒன்று. அடுத்து, தொடர்ந்தாற்போல் இரண்டு. ஊதல் நீளமாகக் கத்தி ஓய்ந்தது. வண்டி வளைவைத் தாண்டி வெளியே வரவே இல்லை. ஆயம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பாலம் அசையவில்லை. பாறையில் ஊன்றிய தூண்கள். மரங்கள் மோதி மோதித் திரும்பிப் போயின. ஒரு மணி நேரத்தில் தண்ணீர் குறிக்குக் கீழே இறங்கத் தொடங்கியது. அதற்குள் வண்டியிலிருந்து இறங்கிய ஜனங்கள் தண்டவாளத்தின் மேலே நடந்தே பாலத்துக்கு வந்துவிட்டார்கள். முதல் வகுப்பில் வந்த ஒரு கனவான், திரும்பிவந்திருந்த பழனிமுத்துவைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு சொட்டு மழை இல்லை. பாலம் கல்லு மாதிரி நிக்குது. எதுக்குடா நிறுத்தினே? பொம்பளையை வெச்சுக்கிட்டு இங்க என்ன நடக்குது?” என்று கேட்டு அவன் கன்னத்தில் அறைந்தார். சுற்றி நின்றவர்கள் தடுக்கவில்லை. அவர்களுக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. பழனிமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். உயிரோடு நின்று திட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரையும் ஆயம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

வண்டி மெதுவாகப் பாலத்தைக் கடந்து போன பிறகு அர்த்தனாரியின் டிராலி வந்தது. தலை நரைத்திருந்தது. பதவியும் உயர்ந்திருந்தது. அவளை அடையாளம் கண்டதும் காவல்காரர்களைத் தூணைப் பார்க்க அனுப்பினார்.

“அந்தக் கொடி எங்கீங்க?” என்று அவள் கேட்டாள். ஐந்து வருசமாக வேறு எதுவும் கேட்க நினைத்ததில்லை.

“எரிச்சுட்டேன்.” அவர் மறைக்கவில்லை. மறைக்க அவசியமும் இல்லை. “அன்னைக்கே, வெந்நீர் அடுப்புல. எனக்கு மூணு பொட்டப்புள்ளைங்க. அவன் செத்துட்டான். நான் உசுரோட இருந்தேன்.”

“அவரு ஓடுனாருன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும். வண்டி வாற பக்கமா ஓடோணும், அரை மைலாவது ஓடோணும்னு அந்தப் புத்தகத்துல எழுத வெச்சதே நான்தான். எங்க கத்துக்கிட்டேன்னு நெனைக்கறே?” அவர் பார்வையைத் தாழ்த்தினார். “நீ போயிரு. நீ இங்க இருந்ததாத் தெரிஞ்சா இவனுக்கும் வேலை போகும்.”

கனவான் சும்மா இருக்கவில்லை. மேலிடத்துக்குப் புகார் எழுதினார். காரணமில்லாமல் ரயிலை நிறுத்தினான், காவல் குடிசையில் ஒரு பெண் இருந்தாள் என்று. ஒரு மாதத்தில் அதே ஸ்டேஷனில், அதே அறையில் விசாரணை வைத்தார்கள். அடிவாரத்துக் கடைக்காரர்கள் அடையாளம் சொல்ல, ஆயம்மாளையும் வரவழைத்தார்கள். வரும் வழி முழுவதும் அவள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று. என் பேச்சைக் கேட்டுத்தான் ரயில் நின்றது, அன்றைக்கும் நான் சொன்னது நிஜம், கொடியை எரித்தவர் இதோ உட்கார்ந்திருக்கிறார் என்று.

அறை வாசலில் பழனிமுத்து நின்றிருந்தான். ஒரு மாதத்தில் பாதியாக இளைத்திருந்தான். “குறியைத் தொட்ட பொறகுதான் ஓடுனேன்னு எழுதிக் குடுத்திருக்கேனுங்க்கா. முந்தியே ஓடுனேன்னாத் தப்பு. வெளியாள் சொல்லி ஓடுனேன்னா அதைவிடத் தப்பு. ஊட்டுல கைக்குழந்தைங்க,” என்றான். அதற்குமேல் கெஞ்சத் தெரியாமல் நின்றான்.

உள்ளே அதிகாரி புதியவர், நல்லவராகத் தெரிந்தார். அவளை உட்காரச் சொன்னார்.

“அன்னைக்குப் பாலத்துக்கு வந்திருந்தீங்களா அம்மா?”

அர்த்தனாரி ஓரத்து நாற்காலியில் இருந்தார். எல்லாச் சொல்லும் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஒரு மூச்சு விட்டால் வெளியே வந்துவிடும். அவள் கதவைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே பழனிமுத்துவின் நிழல் தெரிந்தது.

“இல்லீங்க. நான் வரலீங்க,” என்றாள். “மழைன்னு சொல்லிச் சீட்டோட அடிவாரத்துக்கு வந்தேன். தபாலாபீசு பூட்டியிருந்துது. திரும்பிட்டேன்.”

“பார்த்ததாப் புகார்ல இருக்கே.”

“வேற யாராச்சும் இருக்கும் சாமி.”

அதிகாரி அர்த்தனாரியைப் பார்த்தார். அர்த்தனாரி, “நான் போனப்ப யாரும் இல்லீங்க,” என்றார். தூணில் குறிக்கு மேலே ஒரு முழத்துக்குச் சேறு படிந்திருந்ததைப் படம் வரைந்து கொண்டுவந்திருந்தார்கள். அது போதுமானதாக இருந்தது. பழனிமுத்து விதிப்படி நடந்துகொண்டான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் அதிகாரி. அவளிடம் கட்டைவிரல் ரேகை வாங்கும்போது திருப்தியோடு சொன்னார்: “பாருங்க, ஏற்பாடு எவ்வளவு சரியா வேலை செஞ்சிருக்கு. அந்தப் பழைய விபத்துல கத்துக்கிட்ட பாடம்.”

வெளியே வந்தபோதுதான் அவளுக்கு முழுவதும் விளங்கியது. குறியைத் தொட்ட பிறகு ஓடியே ரயிலை நிறுத்திவிட்டான் என்று அச்சில் ஏறப்போகிறது. அந்தக் குறி போதாது என்று இனி யாருக்கும் தெரியாது. அதை நம்பி, அதன்படியே நின்று பார்த்துவிட்டு, பிறகு ஓடுகிற ஒருவன் என்றைக்காவது வருவான். அதற்குப் பிறகு குறியைக் கீழே இறக்கி வரைவார்கள்.

பழனிமுத்து அவள் காலைத் தொடக் குனிந்தான். அவள் விலகிக்கொண்டாள்.

“மழைக்காலத்துல மலையைப் பார்த்துக்கிட்டே இரு. மறைஞ்சுதுன்னா வண்டி நேரத்துக்கு முந்தியே ஓடிப்போய் நில்லு. குறிக்குக் காத்திருக்காதே.”

“கேட்டா என்னங்க்கா சொல்றது?”

“பொய் சொல்லு. உன்ற கூட இருக்கறவனுக்கும் சொல்லிக்குடு. அடுத்து வாறவனுக்கும் சொல்லிக்குடு.”

அவன் சரி என்றான். உண்மையாகத்தான் சொன்னான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அவனை எத்தனை நாள் அங்கே வைத்திருப்பார்களோ, யார் கண்டார்கள்? அவள் கடைத்தெருவில் கண்ணாயிக்கு ஒரு கஜம் பாவாடைத் துணி வாங்கினாள். பச்சை நிறம். கடைக்காரன் முதலில் எடுத்துப்போட்ட சிவப்பை வேண்டாமென்று தள்ளிவிட்டாள். பிறகு பொழுது சாய்வதற்குள் அடிவாரத்தைப் பிடிக்கவேண்டும் என்று வேகமாக நடக்கத் தொடங்கினாள்.